அம்பாசிடரும் பத்மினியும் தரும் பாடம்

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழிவந்தது அம்பாசிடர். இத்தாலியின் ஃபியட் 1100 வழிவந்தது பிரீமியர் பத்மினி. முன்னதன் எஞ்சின் 1,489 சி.சி.; பின்னதன் எஞ்சின் 1,089 சி.சி. அகன்ற இருக்கையும் மேடுபள்ளம் தாங்கும் உறுதியும் அம்பாசிடரை அரசு வாகனமாக்கின. எடை குறைந்த பத்மினி, மும்பையின் டாக்சியாகக் கோலோச்சியது.

ஆயினும், இரண்டின் அடிப்படை வடிவமைப்பும் பல்லாண்டுகள் மாறவில்லை. உரிமக் கட்டுப்பாட்டால் போட்டி இல்லை. வாங்குவோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 1983-இல் வெறும் 796 சி.சி. எஞ்சினுடன் வந்த மாருதி, இரண்டையும் பின்னுக்குத் தள்ளியது. அவற்றை வீழ்த்தியது எஞ்சினின் குறை அன்று. பாதுகாக்கப்பட்ட சந்தை வளர்த்த மெத்தனமே. உள்நாட்டுத் தொழிலைத் தடைச்சுவர்களால் மட்டுமே காக்க முனைவோர் இதை மறக்கலாகாது.