கிழிந்த மகாதமனி: தையலுக்குப் பிறகு

2005 டிசம்பர் 31. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், வீட்டில் தனியாக இருந்த 97 வயது மைக்கேல் டிபேக்கிக்கு நெஞ்சில் சுரீரென்று ஒரு வலி. தோள்பட்டைகளுக்கு நடுவே பாய்ந்து கழுத்துக்கு ஏறியது. இதயம் நிற்கப்போகிறது என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு, மகாதமனி கிழிந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தது. வராமல் இருக்குமா? அதைத் தைக்கும் அறுவைச் சிகிச்சைக்கு 1950களில் வழிகாட்டியவரே அவர்தான்.

சுவருக்குள் புகும் ரத்தம்

இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் சுவர் மூன்று அடுக்கு கொண்டது. உள்ளடுக்கு கிழிந்தால், ரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பிரித்துக்கொண்டே போகும். முக்கியக் காரணம், கட்டுப்படுத்தாத ரத்த அழுத்தம். மார்ஃபன் போன்ற பரம்பரைக் கோளாறுகளால் இளவயதிலும் வரலாம்.

இதை மாரடைப்பு என்று நினைத்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டால் ஆபத்து இரட்டிப்பாகும். சந்தேகம் எழுந்தால் சி.டி. ஸ்கேன் காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கே கிழிந்தது?

பிழைப்பது பெரும்பாலும் இதைப் பொறுத்தது. கிழிசல் இதயத்தை ஒட்டி மேலேறும் பகுதியில் இருந்தால் அது ‘ஏ’ வகை. சிகிச்சையில்லாமல் கழியும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நூறில் ஒருவர் அல்லது இருவரை இழக்கிறோம் என்பது நெடுநாள் கணக்கு. பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் 26 சதவீதம் பேரும், மருந்தோடு நின்றவர்களில் 58 சதவீதம் பேரும் மருத்துவமனையிலேயே இறந்திருந்தார்கள். அறுவைச் சிகிச்சை மரணம் பின்னர் 18 சதவீதம் அளவுக்கு இறங்கியது. மேசைக்கு வரும்போதே ரத்த அழுத்தம் சரிந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், குடலுக்கு ரத்தம் போகாதவர்கள் நிலைதான் மோசம்.

கீழிறங்கும் பகுதியில் மட்டும் கிழிந்தால் ‘பி’ வகை. சிக்கல் இல்லையென்றால் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தே போதும். சிறுநீரகத்துக்கோ காலுக்கோ ரத்தம் தடைபட்டால், தொடை வழியாக உறையிட்ட ஸ்டென்ட் செலுத்துவார்கள்.

நனைந்த அப்பளத்தில் தையல்

‘ஏ’ வகையில் நெஞ்செலும்பைப் பிளந்து, இதய நுரையீரல் கருவியில் இணைத்து, உடலைக் குளிரவைத்து, ரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்திவைப்பதும் உண்டு. கிழிந்த பகுதியை வெட்டிவிட்டு, டேக்ரான் என்னும் செயற்கைத் துணியாலான குழாயைப் பொருத்துவார்கள். தமனிச் சுவரோ நனைந்த அப்பளம் போல. ஊசி போன இடமெல்லாம் பிய்யும். அதனால் இழைத்துணிப் பட்டை வைத்துத் தைப்பார்கள், இற்றுப்போன சட்டைக்கு உள்துணி கொடுப்பதுபோல. அந்த டேக்ரான் குழாயை டிபேக்கி முதன்முதலில் தைத்தது மனைவியின் தையல் மெஷினில்!

அதே குழாய் 2006 பிப்ரவரியில் அவர் நெஞ்சுக்குள்ளும் போனது. செப்டம்பரில் வீடு திரும்பி, 2008 ஜூலை வரை வாழ்ந்தார். அறுவைச் சிகிச்சைக்கு முன் ஒரு மாதத்துக்கு மேல் அவர் தாக்குப்பிடித்தது அபூர்வம். அதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வீடு திரும்பியபின்

குழாய் வைத்த இடத்தைத் தாண்டியும் பிரிந்த சுவர் பலருக்கு அப்படியே இருக்கும், மெல்ல வீங்கலாம். ஆகவே பிரஷர் மாத்திரை ஆயுளுக்கும். மூச்சைப் பிடித்து கேஸ் சிலிண்டர் தூக்குவது கூடாது. பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளுக்கும் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சொன்ன தேதியில் ஸ்கேன் எடுக்கும்போது பழைய படங்களையும் கொண்டுபோங்கள். மருத்துவர் தேடுவது, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் இடையே கூடியிருக்கும் மில்லிமீட்டர்களை.