ஓஎம்ஆரும் ஒக்கியம் மடுவும்

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையை (ஓஎம்ஆர்), அதாவது மாநில நெடுஞ்சாலை 49ஏ-வை, ஐ.டி. கம்பெனிகளின் சாலையாகவே பலரும் அறிவார்கள். பெருங்குடிக்கும் சோழிங்கநல்லூருக்கும் இடையே அது போகும் இடத்தைக் கவனித்தால் வேறொரு கதை தெரியும். மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். கிழக்கே பக்கிங்காம் கால்வாய். இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய நிலத்தில்தான் சாலை ஓடுகிறது.

சாலைக்கு முன்பே இங்கே சரக்குப் போக்குவரத்து இருந்தது. உப்பும் விறகும் கால்வாயில் படகேறிச் சென்னைக்கு வந்தன. கால்வாய்க்கு அப்பால், மீனவக் கிராமங்களின் சாலைகளை இணைத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலை உருவானபின் இது 'பழைய' சாலை ஆயிற்று. அப்போதும் இருபுறமும் வயல்கள் இருந்தன. 2000-ல் தரமணியில் டைடல் பூங்கா திறந்ததும் நிலைமை மாறியது. தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தின் துணை நிறுவனம் ஒன்று, மத்திய கைலாஷ் முதல் சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டரை ஆறு வழிச்சாலையாக்கியது. 2008-ல் அதற்கு ராஜீவ் காந்தி சாலை என்று பெயரிட்டார்கள்.

தாழ்ந்த களிமண் நிலத்தில் சாலை போட வேண்டுமானால் மண் கொட்டி உயர்த்தியாக வேண்டும். உயர்த்திய சாலை, மழைக்காலத்தில் ஏரிக்கரையின் வேலையைச் செய்யத் தொடங்கிவிடும். தென்சென்னைப் புறநகரின் பல ஏரிகளிலிருந்து வழியும் உபரிநீர் பள்ளிக்கரணையில் சேர்கிறது. அது வெளியேறும் முக்கிய வழி துரைப்பாக்கத்தை ஒட்டிய ஒக்கியம் மடுவு. நீர் சாலையின் பாலத்துக்கு அடியில் புகுந்து, கால்வாயில் கலந்து, தெற்கே ஓடி முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். சரிவோ மிகக் குறைவு. கால்வாயில் நீர்மட்டம் ஏறியிருந்தால் மடுவின் நீர் நகராமல் நின்றுவிடும். பாலத்தின் கண்கள் போதாவிட்டாலும் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டாலும் அதே கதிதான். 2015 வெள்ளத்தில் இச்சாலை மூழ்கியதற்கு மழை மட்டும் காரணமல்ல. நீர் தங்கும் இடமும் சுருங்கியிருந்தது. சதுப்பின் பெரும்பகுதியைக் குப்பைக் கிடங்கும் கட்டடங்களும் எடுத்துக்கொண்டுவிட்டன. எஞ்சிய பகுதிக்கு 2022-ல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் ராம்சர் தகுதி கிடைத்தது, மிகவும் தாமதமாக.

இந்தச் சாலையின் ஆறு தடங்களைவிட அந்தப் பாலத்தின் கண்களே முக்கியமான பொறியியல் என்பேன். இப்போது இதே தடத்தில் மாதவரம்–சிப்காட் மெட்ரோவுக்கான தூண்கள் எழுகின்றன. சாலையை இன்னொரு முறை உயர்த்துவதற்கு முன், ஒக்கியம் மடுவின் அகலத்தை அளந்து, அதை மேலும் விரிக்க வேண்டும்.