கை பழகினால்தான் உயிர் காக்கலாம்

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, கொதிக்கும் எண்ணெய் தெறித்த இடத்தில் பற்பசை தடவுவது, மயங்கி விழுந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றுவது, மூக்கில் இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து வைத்திருக்கச் சொல்வது. இந்த நான்கில் ஒன்றையாவது பார்க்காத தமிழ்க் குடும்பம் நம் நாட்டில் அரிது. நான்குமே தவறு. ஆனால் செய்பவர்கள் எல்லாரும் பாசத்தோடும் பதற்றத்தோடும்தான் செய்கிறார்கள். ஆபத்து நேரத்தில் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. கைக்குப் பழகியதைத்தான் கை செய்கிறது.

அப்படியானால் பிள்ளைகளின் கைகளுக்குச் சரியானதைப் பழக்கிவிட வேண்டும். சுவரொட்டியும் கேள்வித்தாளும் அதைச் செய்யாது. அண்மையில் கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளி மண்டபத்தில் நடந்த முதலுதவிப் பயிற்சியைப் பார்த்தபோது இது எனக்கு நன்றாக விளங்கியது.

மோட்டார் சைக்கிள் விபத்து நடந்ததுபோல் காட்சி அமைத்திருந்தார்கள். மூன்று மாணவர்கள் காயம்பட்டவர்களாக நடித்தார்கள். மெழுகும் மாவும் பிசைந்து செய்த புண். கெட்டிப் பாகில் சிவப்புச் சாயம் கலந்த இரத்தம். ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு அலறினான். ஒரு மாணவி "என் தம்பி எங்கே?" என்று கத்தியபடி எழுந்து எழுந்து ஓடப் பார்த்தாள். மூன்றாமவன் சுவரோரம் சத்தமில்லாமல் கிடந்தான். சுற்றி நின்ற மற்ற மாணவர்கள், நிஜ விபத்தில் நடப்பதுபோலவே, கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுத்தார்கள்.

நான்கு பேர் கொண்ட முதலுதவிக் குழு ஓடி வந்தது. நால்வரும் அலறியவனிடமே போனார்கள். சுவரோரம் கிடந்தவனை ஒருவர் திரும்பிப் பார்த்தபோது ஒன்றரை நிமிடம் கடந்துவிட்டது.

பயிற்சி ஆசிரியர் யாரையும் திட்டவில்லை. எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது. கத்தாதவனுக்கு?" மண்டபம் அமைதியானது. இரண்டாவது சுற்றில் அதே குழுவின் தலைவி, நான்காம் படிவ மாணவி, நேராகச் சத்தமில்லாதவனிடம் போனாள். இந்தப் பாடத்தை அவர்கள் ஏற்கெனவே புத்தகத்தில் படித்தவர்கள்தாம். பரீட்சையில் வந்தால் சரியாக எழுதியும் இருப்பார்கள்.

இப்படிக் காயம்பட்டவராக நடித்துப் பயிற்சி கொடுப்பது புதிய யோசனை அல்ல. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு ஆளான பிரிட்டனில், மீட்புக் குழுக்களுக்குப் பயிற்சி தருவதற்காகவே 1942-இல் 'கேஷுவல்டீஸ் யூனியன்' என்ற அமைப்பு உருவானது. வலியையும் குழப்பத்தையும் தத்ரூபமாக நடித்துக் காட்டுவதுதான் அதன் உறுப்பினர்களின் வேலை.

முகம் கொண்ட பொம்மை

நடிப்பால் எல்லாவற்றையும் பழக முடியாது. உயிருள்ளவர் நெஞ்சில் சிபிஆர் அழுத்திப் பழகக்கூடாது. அங்கேதான் பொம்மை வருகிறது. 1960-இல் நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முன்ட் லார்டால், 'ரிசசி ஆன்' என்ற பயிற்சிப் பொம்மையை உருவாக்கினார். தண்ணீரில் மூழ்கப் போன தம் சிறு மகனை முன்பு ஒருமுறை காப்பாற்றிய தந்தை அவர். பாரிஸின் செய்ன் நதியில் இறந்து கிடந்த, பெயர் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முகம் என்று சொல்லப்படும் அச்சிலிருந்தே அந்தப் பொம்மைக்கு முகம் எடுத்தார். யாரென்றே தெரியாத அந்த முகத்தின் மீது குனிந்து, உலகெங்கும் கோடிக்கணக்கானோர் உயிர் காக்கப் பழகியிருக்கிறார்கள்.

பயிற்சியின் இடைவேளையில் நானும் அந்தப் பொம்மையின் முன் மண்டியிட்டேன். நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கையை மடக்காமல், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலே வர விட வேண்டும். படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஒரு நிமிடத்திலேயே எனக்கு வியர்த்து, தோள் கனத்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்ற விதிக்கு அப்போதுதான் பொருள் புரிந்தது.

வேகத்தைப் பிடிக்க, வெளிநாடுகளில் பீ ஜீஸ் குழுவின் 'ஸ்டேயிங் அலைவ்' பாடலைப் பயன்படுத்துவார்கள். அதன் தாளம் நிமிடத்துக்கு 100-ஐச் சற்றுத் தாண்டும். உறுமி மேளம் வாசிக்கும் நம் பையன்களுக்குத் தாளத்தைச் சொல்லித்தரவா வேண்டும்?

ஏன் இளையோர்?

இதயம் நின்றுவிட்டால், சிபிஆர் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு குறைக்கிறது. மாலை நேர நெரிசலில் கூட்டரசு நெடுஞ்சாலையில் சிக்கியவர்களுக்கு, ஆம்புலன்ஸ் வர ஏன் நேரமாகிறது என்று விளக்கத் தேவையில்லை. அந்த முதல் நிமிடங்கள் பக்கத்தில் இருப்பவருக்கே சொந்தம். மருத்துவமனைக்கு வெளியே நிகழும் மாரடைப்பு மரணங்களில் பெரும்பாலானவை வீட்டில்தான் நேர்கின்றன. வீட்டில் தாத்தாவோடு இருப்பது யார்? பல நேரங்களில் பள்ளி முடிந்து வந்த பேரன், பேத்திதான்.

டென்மார்க் இதைப் புரிந்துகொண்ட நாடு. 2005-இல் பள்ளிகளில் உயிர்காப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டில் வாகன உரிமம் எடுப்பவர்களுக்கும் கட்டாயமாக்கியது. 2001-இல் இதயம் நின்று விழுந்தவர்களில் ஏறத்தாழ 21 விழுக்காட்டினருக்கே பக்கத்தில் இருந்தவர்கள் சிபிஆர் செய்தார்கள். 2010-இல் அது 45 விழுக்காட்டை நெருங்கியது. 30 நாள் கடந்து உயிரோடு இருந்தவர்கள் 3.5 விழுக்காட்டிலிருந்து 10.8 விழுக்காடாக உயர்ந்தார்கள். மற்ற மாற்றங்களும் துணைநின்றன என்றாலும், பழகிய கைகளின் பங்கு அதில் பெரியது. 12 வயது முதல் ஆண்டுக்கு 2 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்ற 'கிட்ஸ் சேவ் லைவ்ஸ்' அறிக்கைக்கு 2015-இல் உலகச் சுகாதார நிறுவனமும் ஆதரவு தந்தது.

நம் நாட்டில் இதற்கான வழி ஏற்கெனவே இருக்கிறது. செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ், புலான் சபிட் மேரா எனும் மலேசியச் செம்பிறைச் சங்கம் ஆகிய இரண்டும் பள்ளிகளில் சீருடை இயக்கங்களாக இயங்குகின்றன. தைப்பூசத்தன்று பத்துமலையில் மயங்கி விழும் பக்தரை முதலில் தாங்குவது இந்தச் சீருடைக் கைகள்தாம். பிள்ளை இவற்றில் சேர விரும்பினால், "புறப்பாடப் புள்ளிக்கு ஏதோ ஒன்று" என்று நினைக்காதீர்கள். வேலைக்குப் போகும் இளையோரும் தத்தம் வட்டாரக் கிளையில் பொதுமக்களுக்கான வகுப்பு எப்போது என்று கேட்டுச் சேரலாம்.

வீட்டிலும் பழகலாம்

முதலில் 999 அழைப்பு. அதையும் ஒத்திகை பார்க்க வேண்டும். அழைப்பை எடுப்பவர் உங்கள் தாமானைப் பார்த்திராதவராக இருக்கலாம். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றில் இருக்கிறீர்களா? சாலைப் பெயர், புளோக், மாடி எண், எந்த நுழைவாயில், பக்கத்தில் என்ன கட்டடம் என்று உங்கள் பிள்ளை மூச்சு வாங்காமல் சொல்லட்டும். ஒருவர் கீழே போய்ப் பாதுகாவலரிடம் சொல்லி, ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட வேண்டும். அது யார் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மூச்சுத் திணறி, விட்டுவிட்டு இழுப்பது சீரான மூச்சு அல்ல என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். கூப்பிட்டும் தட்டியும் அசைவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் சிபிஆர் தொடங்க வேண்டும்.

அடுத்து, அந்த நான்கு தவறுகள். வலிப்பு வந்தால் பிடித்து அழுத்தாதீர்கள்; சுற்றியுள்ள பொருள்களை அகற்றி, தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள்; வலிப்பு நின்றதும் பக்கவாட்டில் படுக்க வையுங்கள்; 5 நிமிடம் தாண்டினால் 999. தீப்புண்ணுக்குக் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். தீபாவளிக்கு முறுக்கு சுடும் நாளில் இது கட்டாயம் நினைவிருக்கட்டும். மயங்கியவரைப் படுக்க வைத்து மூச்சைக் கவனியுங்கள். தெளியும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூக்கில் இரத்தம் வந்தால் தலையை முன்னால் குனிய வைத்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடியுங்கள்.

இவற்றைப் படித்துக் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பா வலிப்பு வந்தவர்போல் படுக்கட்டும். பாட்டிக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டேதான் தொடங்குவார்கள். பரவாயில்லை. சிரித்துப் பழகிய கையும் பழகிய கைதான்.