பதினொரு காலி இடங்கள்

1958-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி. புதன்கிழமை இரவு.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரம். கால்பந்தாட்டம் பார்க்க ஏறக்குறைய 60 ஆயிரம் பேர் கூடி இருந்தார்கள். மைதானத்தின் வாசலில் ஆட்டக்காரர்களின் பெயர் அச்சடித்த தாளை விற்றார்கள். வாங்கிப் பிரித்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

ஒரு பக்கத்தில், வெளியூரில் இருந்து வந்த ஷெபீல்டு கோஷ்டியின் 11 பெயர்கள் இருந்தன. மறு பக்கத்தில் உள்ளூர் கோஷ்டியான மான்செஸ்டர் யுனைடெட். அதன் கீழே ஒரு பெயர் கூட இல்லை! பதினொரு இடமும் காலி!

அச்சுப் பிழையா? இல்லை. தாளை அச்சடித்தபோது, யார் ஆடப் போகிறார்கள் என்று கோஷ்டியை நடத்தியவருக்கே தெரியாது.

பஸ்பியின் பிள்ளைகள்

மான்செஸ்டர் யுனைடெட் கோஷ்டியின் மானேஜர் மாட் பஸ்பி. ஸ்காட்லாந்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். பெரிய ஆட்டக்காரர்களைப் பணம் கொட்டி வாங்குவதை விட, பள்ளிக்கூடம் விட்ட பையன்களைப் பிடித்து வந்து பழக்குவதில்தான் அவருக்கு நம்பிக்கை. "பஸ்பியின் பிள்ளைகள்" என்றே ஊரார் அவர்களை அழைத்தார்கள்.

அவர்களில் ஒருவர் டங்கன் எட்வர்ட்ஸ். 18 வயதிலேயே இங்கிலாந்து நாட்டுக்காக ஆடியவர்.

லீக் என்பது நீண்ட போட்டி. அப்போது முதல் பிரிவில் 22 கோஷ்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் மற்ற 21 கோஷ்டிகளோடு இரண்டு தடவை மோத வேண்டும். சொந்த ஊரில் ஒன்று, எதிரியின் ஊரில் ஒன்று. ஆக 42 ஆட்டங்கள். ஜெயித்தால் 2 புள்ளி, சமமாக முடிந்தால் 1 புள்ளி. கோடை முடியும்போது தொடங்கினால் மறு ஆண்டு வசந்த காலம் வரை நடக்கும். மழையும் பனியும் சேறும் எல்லாம் இதற்குள் வரும்.

1956-லும் 1957-லும் பஸ்பியின் பிள்ளைகளே முதலிடம் பெற்றார்கள். மூன்றாவது தடவையும் ஜெயிக்க வேண்டும் என்று 1957-58 லீக்கில் இறங்கினார்கள். அதோடு, பல நாட்டுக் கோஷ்டிகள் மோதும் ஐரோப்பியக் கோப்பையிலும் ஆடினார்கள். லீக் நிர்வாகிகளுக்கு அது பிடிக்கவில்லை. வெளிநாடு போவதால் சனிக்கிழமை லீக் ஆட்டம் கெட்டு விடுமே என்பது அவர்கள் கவலை. பஸ்பி பிடிவாதமாக நின்றார்.

மூன்றாவது முயற்சி

பிப்ரவரி 5-ந் தேதி யூகோஸ்லாவியாவின் தலைநகரான பெல்கிரேடில் ஆட்டம். 3-3 என்று சமமாக முடிந்தது. முதல் ஆட்டத்தில் மான்செஸ்டர் ஜெயித்திருந்ததால் அரை இறுதிக்குத் தகுதி கிடைத்தது.

சனிக்கிழமை உல்வர்ஹாம்டன் கோஷ்டியோடு லீக் ஆட்டம் காத்திருந்தது. அதற்குள் ஊர் திரும்ப வேண்டும். அதற்காகவே தனி விமானம் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

மறுநாள் பெட்ரோல் போடுவதற்காக விமானம் ஜெர்மனியில் மியூனிக் நகரில் இறங்கியது. அங்கே பனி பெய்து கொண்டிருந்தது. இரண்டு தடவை கிளம்பப் பார்த்தது, முடியவில்லை. எல்லோரும் இறங்கி வந்தார்கள். "இன்றைக்கு விமானம் கிளம்பாது, நாளை வருகிறேன்" என்று எட்வர்ட்ஸ் தாம் குடியிருந்த வீட்டுக்காரம்மாளுக்குத் தந்தி கொடுத்தார்.

ஆனால் மறுபடியும் ஏறச் சொன்னார்கள். பின்பக்கம் பத்திரம் என்று நினைத்து, டாமி டெய்லரும் டேவிட் பெக்கும் அங்கே போய் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு இடத்தை மாற்றிக் கொடுத்தவர்களில் ஒருவர் 20 வயது பாபி சார்ல்டன்.

மூன்றாவது தடவையும் விமானம் மேலே எழும்பவில்லை. வேலியை உடைத்துக் கொண்டு போய் ஒரு வீட்டில் மோதியது. 44 பேரில் 23 பேர் பலியானார்கள். பலியானவர்களில் 8 பேர் ஆட்டக்காரர்கள். டெய்லரும் பெக்கும் இறந்தார்கள். சார்ல்டன் பிழைத்தார்.

கோல் காப்பவர் ஹாரி கிரெக், எரியும் விமானத்துக்குள் திரும்பவும் புகுந்து ஒரு கைக்குழந்தையை வெளியே தூக்கி வந்தார்.

காப்டன் ரோஜர் பைர்ன் இறந்து விட்டார். தான் கர்ப்பமாக இருக்கும் செய்தியை, அவர் வீடு வந்ததும் சொல்லலாம் என்று அவர் மனைவி காத்திருந்தார்.

விமானியின் மீதுதான் முதலில் பழி விழுந்தது. ஓடுபாதையில் கிடந்த பனிச் சேறே காரணம், அவர் மீது குற்றம் இல்லை என்று பிரிட்டிஷ் விசாரணை 1969-ல்தான் சொன்னது. 11 வருஷம் அவர் அந்தப் பழியைச் சுமந்தார்.

கதவைச் சாத்தி அழுதவர்

உதவி மானேஜர் ஜிம்மி மர்பி அந்த விமானத்தில் போகவில்லை. வேல்ஸ் நாட்டுக் கோஷ்டியையும் அவரே கவனித்து வந்தார். அதன் ஆட்டத்துக்காகக் கார்டிப் நகருக்குப் போயிருந்தார். திரும்பி வந்து அலுவலகத்தில் நுழைந்தபோது செய்தி காதில் விழுந்தது. அறைக் கதவைச் சாத்திக் கொண்டு அழுதார்.

பிறகு மியூனிக் ஆஸ்பத்திரிக்குப் போனார். பஸ்பி உயிருக்குப் போராடிக் கொண்டிருந்தார். நான் வரும் வரை கொடியை இறக்கி விடாதே என்று ஈனக் குரலில் மர்பியிடம் சொன்னார்.

ஆனால் ஆள் எங்கே? சவ அடக்கங்கள் ஒன்றன் பின் ஒன்றாக நடந்து கொண்டிருந்தன. மர்பி, மிஞ்சிய பையன்களைக் கடலோர ஊரான பிளாக்பூலுக்கு அழைத்துப் போய் பயிற்சி கொடுத்தார். பிஷப் ஆக்லண்டு என்ற அமெச்சூர் கோஷ்டி மூன்று ஆட்டக்காரர்களை அனுப்பி உதவியது. ஸ்டான் குரௌதர் என்பவரை விலைக்கு வாங்கிக் கையெழுத்துப் போட்டபோது, ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரந்தான் இருந்தது!

பெயர்த் தாள் காலியாக இருந்தது இதனால்தான். ஒலிபெருக்கியில் பெயர்களைச் சொல்லச் சொல்ல, ஜனங்கள் எழுதிக் கொண்டார்கள்.

விமானத்தில் தப்பிய இருவர் அன்று ஆடினார்கள். ஒருவர் கிரெக், இன்னொருவர் புதிய காப்டன் பில் போக்ஸ். மற்றவர்களில் பலர் சின்னப் பையன்கள். ஷே பிரென்னன் என்ற 20 வயது இளைஞருக்கு அதுதான் பெரிய கோஷ்டியில் முதல் ஆட்டம். அவர் 2 கோல் போட்டார். 17 வயது அலெக்ஸ் டாசன் ஒன்று போட்டார். 3-0 என்று மான்செஸ்டர் ஜெயித்தது.

இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரியில் எட்வர்ட்ஸ் இறந்தார். அவருக்கு வயது 21.

மீதி ஆட்டங்கள்

அன்று ஜெயித்தது இங்கிலாந்துக் கோப்பைக்கான ஆட்டம். லீக் வேறு. அதில் இன்னும் 14 ஆட்டங்கள் பாக்கி இருந்தன. ஒரு நாள் ஆவேசத்தில் ஜெயித்து விடலாம். வாரந்தோறும் ஜெயிக்க முடியுமா? 14-ல் ஒன்றே ஒன்றில்தான் வெற்றி கிடைத்தது. 9-வது இடத்தில் லீக்கை முடித்தார்கள். உல்வர்ஹாம்டன் முதலிடம் பெற்றது.

ஆஸ்பத்திரியில் யார் இறந்தார்கள் என்று பஸ்பியிடம் பல நாள் சொல்லவில்லை. கடைசியில் ஒவ்வொரு பெயராக அவரே கேட்டார். அவர் மனைவி வாயைத் திறக்காமல் தலையை மட்டும் அசைத்தார்.

இங்கிலாந்துக் கோப்பையில் பையன்கள் இறுதி ஆட்டம் வரை போனார்கள். மே 3-ந் தேதி, வெம்பிளி மைதானத்தில் அதைப் பார்க்க பஸ்பி கைத்தடி ஊன்றி வந்தார். போல்டன் கோஷ்டியிடம் 0-2 என்று தோற்றார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து

1968 மே 29-ந் தேதி, அதே வெம்பிளி மைதானம். ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம். பஸ்பிதான் மானேஜர். மியூனிக்கில் உயிர் தப்பியவர்களில் போக்ஸும் சார்ல்டனும் ஆடினார்கள். சார்ல்டன் காப்டன், 2 கோல் போட்டார். போர்ச்சுகல் நாட்டுப் பென்பிகா கோஷ்டியை 4-1 என்று தோற்கடித்தார்கள்.

அன்று இரவு லண்டன் ஓட்டலில் வெற்றி விருந்து நடந்தது. கோப்பையை வாங்கிய காப்டன் சார்ல்டனை அங்கே காணோம். அவர் தம் அறையில் படுத்திருந்தார்.