கன்னத்துக்குள்ளே கன்னம் வைக்கும் திருடன்!
"வலிச்சாப் பாத்துக்கலாம்" என்றால் பல் போச்சு!

பண்ருட்டி –

சுவரில் கன்னம் வைக்கிற திருடனாவது கொஞ்சம் சத்தம் போடுவான். பல்லைத் துளைக்கிற திருடன் மூச்சுக்கூட விடமாட்டான். 'ஐயோ வலி' என்று அலறும்போது அவன் உள்ளே புகுந்து வெகுநாள் ஆகியிருக்கும்!

பண்ருட்டி பலா மண்டிச் சுமைக்காரர் ஆகட்டும், முந்திரி உடைக்கும் பெண் ஆகட்டும், "பல் டாக்டரா? வலிச்சாப் போறேன்" என்பதுதான் பதில். ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போனால் அன்றைய கூலி போச்சே! அதனால் முதலில் கிராம்பு. அப்புறம் கடை மாத்திரை. கடைசியில் குறடு!

நடப்பது என்ன?

பல்லில் ஒட்டும் இனிப்பைக் கிருமிகள் தின்று அமிலமாக்குகின்றன. அது பல்லின் மேல்பூச்சைக் கரைக்கிறது. அப்போது வலிக்காது. அந்த நேரத்தில் போனால் சொத்தையைச் சுரண்டி அடைத்து அனுப்பிவிடுவார்கள். நரம்பைத் தொட்டுவிட்டால் வேர் சிகிச்சை; செலவும் நடையும் கூடும். அதையும் தள்ளிப்போட்டால் பிடுங்க வேண்டியதுதான்.

வலி திடீரென்று நின்றுவிட்டதா? சந்தோஷப்படாதீர்கள். நரம்பு செத்திருக்கலாம். சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே உலை!

1,037 பேர் சொன்ன பாடம்

நியூஸிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-ல் பிறந்த 1,037 பேரை ஆராய்ச்சியாளர்கள் குழந்தைப் பருவம் முதல் கவனித்து வந்தார்கள். 15 வயதில் ஒழுங்காகப் பல்லைக் காட்டியவர்களில் பலர் 32 வயதுக்குள் நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அரசு செலவு, பெரியவர்களுக்குக் கைக்காசு! வலியில்லாதபோதும் விடாமல் போய் வந்தவர்களுக்குத்தான் விழுந்த பற்கள் குறைவு.

இங்கே? இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-ல் எடுத்த கணக்குப்படி, 35 முதல் 44 வயதுக்காரர்களில் 100-க்கு சுமார் 80 பேருக்குச் சொத்தை!

எங்கே போவது?

பண்ருட்டியில் ரயில் ஏறினால் சிதம்பரம். அங்கே அண்ணாமலை நகரில் 1980-ல் தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021-ல் அது அரசு சுகாதாரத் துறையின் கீழ் வந்தது. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் பல் பிரிவு உண்டு.

தெருவோரம் பல் கட்டும் ஆசாமிகளிடம் வாயைத் திறக்காதீர்கள். பதிவு பெறாதவர் பல் வைத்தியம் செய்வது சட்டப்படி குற்றம்!

வருடம் ஒரு தடவை, வலி இல்லாதபோதே போய் வாருங்கள். ஒரு நாள் கூலியை மறுநாள் சம்பாதித்துவிடலாம். போன பல்லைச் சம்பாதிக்க முடியுமா?