மாத்திரையும் வேண்டும், சோறும் வேண்டும்

காசநோய் மருந்தால் தீரும் நோய். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம். அப்படியிருந்தும் சிலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஏன்?

ஒரு கூலித் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல். மாலையில் காய்ச்சல். உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. சளியைச் சோதித்தார்கள். காசநோய் என்று தெரிந்தது. மருத்துவர் மாத்திரை கொடுத்தார். நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுக்கச் சொன்னார்.

வேலைக்குப் போனால்தான் கூலி. கூலி வந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். அவர் எப்படி ஓய்வெடுப்பார்? எதைச் சாப்பிடுவார்? ஒரு மாதத்தில் இருமல் குறைகிறது. குணமாகிவிட்டது என்று நினைக்கிறார். வேலை தேடி வெளியூர் போகிறார். மாத்திரை நின்றுபோகிறது.

இது ஆபத்தானது. கிருமி முழுவதும் சாகவில்லை. மிச்சமுள்ள கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம். பிறகு நோயைத் தீர்ப்பது கடினம். வீட்டில் உள்ளவர்களுக்கும் அது தொற்றலாம். உயிரே போகலாம்.

சமூகப் பரிந்துரை என்றால் என்ன?

மருத்துவர் சீட்டில் மருந்தை எழுதுகிறார். பசிக்கும் கடனுக்கும் தனிமைக்கும் மருந்துக் கடையில் மாத்திரை கிடையாது. ஆனால் அவற்றுக்கு ஊரில் உதவி இருக்கலாம். நோயாளியை அந்த உதவியோடு சேர்த்து வைப்பதே சமூகப் பரிந்துரை. இங்கிலாந்தில் இதற்கென்றே இணைப்புப் பணியாளர்கள் இருக்கிறார்கள்.

நம் நாட்டில் பல மாநிலங்களில் ஆஷா பணியாளர்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள். தேசிய ஊரக சுகாதார இயக்கம் 2005-இல் தொடங்கியது. அதன் வழியாக வந்தவர்கள் இவர்கள். அந்தந்த ஊர்ப் பெண்கள். நோயாளி மாத்திரை சாப்பிட்டாரா என்று வீடு தேடிப் போய்ப் பார்ப்பார்கள். அடுப்பு எரிகிறதா என்பதும் அவர்கள் கண்ணில் படும்.

ஜார்க்கண்டில் தெரிந்த உண்மை

சோறு கொடுத்தால் நோய் குறையுமா? 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தின் 4 மாவட்டங்களில் ஓர் ஆய்வு நடந்தது. சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இதில் பங்கு கொண்டது. 2,800 நோயாளிகளுக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் கொடுத்தார்கள்.

முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. ஒரு பகுதி நோயாளிகளின் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. 2023-இல் இந்த முடிவுகள் வெளிவந்தன.

பசித்த உடம்பில் காசநோய் எளிதாகப் பற்றும். வயிறு நிறைந்தால் உடம்புக்கு எதிர்த்து நிற்கும் வலிமை வரும்.

என்ன உதவி கிடைக்கும்?

நிக்ஷய் போஷன் திட்டம் 2018-இல் தொடங்கியது. அப்போது மாதம் 500 ரூபாய். 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். சிகிச்சை நடக்கும் காலம் முழுவதும் இது உண்டு. பணம் வங்கிக் கணக்குக்கு வரும்.

நிக்ஷய் மித்ரா திட்டம் 2022-இல் வந்தது. தனி ஆட்களும் நிறுவனங்களும் சங்கங்களும் நோயாளிகளுக்கு உணவுப் பை கொடுக்க முன்வருகிறார்கள். நோயாளி சம்மதித்தால்தான் அவரை இதில் சேர்ப்பார்கள்.

வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் பரிசோதனை செய்வார்கள். தேவையானவர்களுக்கு நோய் வராமல் தடுக்கும் மருந்தும் உண்டு. ரேஷன் கார்டு இல்லாவிட்டால் அதற்கும் மனு கொடுக்கலாம்.

உதவி ஏன் போய்ச் சேருவதில்லை?

சிலருக்கு வங்கிக் கணக்கு இல்லை. சிலருக்குப் படிவம் நிரப்பத் தெரியாது. சிலர் ஊர் என்ன பேசுமோ என்று நோயை மறைக்கிறார்கள். காசநோய் பாவத்தால் வருவதல்ல. பரம்பரை நோயும் அல்ல. கிருமியால் வருவது. மறைத்தால் மருந்தும் தூரம், உதவியும் தூரம்.

மாத்திரை வாங்கும் நாளிலேயே சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள்: "எனக்கு என்னென்ன உதவி உண்டு? யாரைப் பார்க்க வேண்டும்?" 1800-11-6666 என்ற எண்ணிலும் கேட்கலாம். கட்டணம் இல்லை.

பக்கத்து வீட்டில் யாராவது காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறாரா? அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரியும். அவர் கேட்டால் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். வங்கிக்கு உடன் போய் வாருங்கள். மருத்துவர் எழுதிய சீட்டோடு இந்த உதவியும் சேர்ந்தால், அவர் ஆறு மாதத்தையும் கடந்துவிடுவார்.