பத்து சென்ட் காகிதத்தில் பறந்தவர்கள்

1938 ஜூன் தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் விலை 10 சென்ட். அட்டையில் காரைத் தூக்கி நிற்கும் சூப்பர்மேனுக்கு உள்ளே 13 பக்கம்தான். மீதியெல்லாம் கதம்பம்: ஸடாரா என்ற மந்திரவாதி, ஒரு கௌபாய், மார்க்கோ போலோவின் பயணம். ஒன்று பிடிக்காத சிறுவனுக்கு இன்னொன்று பிடித்துவிடும் என்ற வியாபாரக் கணக்கு அது. 2024-ல் அதே இதழின் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

அந்தக் கால காமிக்ஸ் நாயகர்கள் ஏன் சிவப்பும் நீலமுமாகத் திரிந்தார்கள்? கேப்டன் அமெரிக்கா உடுத்தியிருந்தது தேசியக் கொடியைத்தான், சரி. ஆனால் பெரிய காரணம் அச்சுக்கூடம் என்பேன். அங்கே இருந்தவை நான்கே மைகள்: மஞ்சள், மெஜந்தா, சயான், கறுப்பு. மையைத் தண்ணீர் விட்டு வெளிறச் செய்ய அச்சு இயந்திரத்துக்குத் தெரியாது. புள்ளி புள்ளியாக வைக்கத்தான் தெரியும். மெஜந்தாப் புள்ளிகளையும் மஞ்சள் புள்ளிகளையும் விட்டுவிட்டு வைத்தால், இடையில் தெரியும் தாளின் வெண்மையையும் சேர்த்துக் குழைத்து நம் கண்ணே அதை மனிதத் தோலின் நிறமாக்கிக்கொள்ளும். ஒவ்வொரு வண்ண மைக்கும் ‘இல்லை, லேசு, நடுத்தரம், முழுசு’ என நான்கு நிலை வைத்தால், மூன்று மைகளுக்கு 4 × 4 × 4, மொத்தம் 64 நிறங்கள். செய்தித்தாள் காகிதமோ மையை உறிஞ்சிப் பரப்பிவிடும். நுணுக்கமான சாயல்கள் அதில் சேறாகிவிடும். தப்பிப் பிழைப்பவை அழுத்தமான நிறங்களே. மெஜந்தாவும் மஞ்சளும் முழுசாகச் சேர்ந்தால் பளிச்சென்ற சிவப்பு; சயானோடு கொஞ்சம் மெஜந்தா சேர்ந்தால் சூப்பர்மேன் நீலம். 1940-ல் வந்த வில்லன் ஜோக்கருக்கு மிஞ்சியவை ஊதாவும் பச்சையும்!

மையைக் குடித்த அதே காகிதம் தன்னையும் தின்றது. மரக்கட்டையை அரைகல்லில் தேய்த்துக் கூழாக்கிச் செய்த மலிவுத் தாள் அது. ரசாயன முறையில் செய்யும் நல்ல தாளில் மரத்தின் லிக்னினைப் பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். அரைத்த கூழில் அது அப்படியே தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் லிக்னின் ஆக்சிஜனேற்றம் அடைந்து, நீல ஒளியை விழுங்கும் பொருள்களாக மாறுகிறது. நீலத்தை இழந்த வெள்ளை, நம் கண்ணுக்கு மஞ்சள். கூடவே அமிலமும் ஊறி, தாளுக்கு வலுவூட்டும் செல்லுலோஸ் சங்கிலிகளைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. மடித்த இடத்தில் பக்கம் அப்பளமாக நொறுங்குவது அதனால்தான்.

இந்த ரசாயனத்துக்குப் பொறுமை உண்டு, போருக்கு இல்லை. ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் படைத்த கேப்டன் அமெரிக்கா, 1941 மார்ச் தேதியிட்ட முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லர் தாடையில் குத்துவிட்டார். அமெரிக்கா அப்போது போரில் இறங்கவே இல்லை. இறங்கிய பிறகு காகிதத்துக்குப் பங்கீடு வந்தது. ராணுவச் சரக்குகளைப் பொதிய அட்டைப்பெட்டி வேண்டுமே! சிறுவர்கள் வீடு வீடாகப் போய்ப் பழைய தாள் சேர்த்தார்கள். காமிக்ஸ் இதழ்களே பழைய காகிதத்தைக் கொடுங்கள் என்று விளம்பரம் போட்டன. நாயகர்கள் சொன்னதைக் கேட்டு, நாயகர்களையே கட்டுக்கட்டாகக் கூழுக்கு அனுப்பினார்கள் பிள்ளைகள்.

தப்பியவற்றில் ஓர் அதிசயக் குவியல் 1977-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒரு வீட்டில் கிடைத்தது: 18,000-க்கும் மேற்பட்ட இதழ்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கி அடுக்கியிருந்ததால் காற்று நுழையவில்லை, வெளிச்சம் படவில்லை, டென்வரின் வறண்ட குளிர்ச்சி வேறு. பல இதழ்களில் தாள் இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய காமிக்ஸ் கட்டு இருக்கலாம். ஓட்டுச் சூட்டிலிருந்து இறக்கி, ஈரமில்லாத இருட்டு அலமாரியில் வையுங்கள். கிழிந்திருந்தாலும் செல்லோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். அதன் பசை காகிதத்தில் பழுப்புக் கறையாக இறங்கிவிடும்.